கண்ணாடியை அறுக்க நூலும் நெருப்பும் போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் காலி பாட்டில்களை வீட்டிலேயே அறுத்துப் பூச்சாடி செய்யும் முறை படங்களுடன் வெளியாகியிருந்தது. பாட்டிலைச் சுற்றி அசிட்டோனில் (நகப்பூச்சு நீக்கும் திரவம்) நனைத்த நூலைக் கட்டிப் பற்றவைத்து, எரிந்து முடிந்ததும் குளிர்ந்த நீரில் அமிழ்த்தினால் நேராகப் பிரிந்துவிடும் என்று அதில் இருந்தது. பள்ளி விடுமுறை நேரம் என்பதால் பிள்ளைகள் இதைச் செய்து பார்ப்பார்கள். அந்தக் கவலையில்தான், கண்ணாடி அறுப்பதையே தொழிலாகக் கொண்ட நாங்கள் சிலர் சேர்ந்து எழுதுகிறோம். நூல் முறை வேண்டாம் என்று மட்டும் சொன்னால் யாரும் கேட்கப்போவதில்லை. எந்தக் கண்ணாடிக்கு எந்தக் கருவி, ஏன் என்பதையும் சொல்லியாக வேண்டும். அதனால் கடிதம் நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

கண்ணாடியில் கோடு கீறும் கருவியான கட்டர் செய்வது பாதி வேலைதான். அது கண்ணாடியின் மேல்பரப்பில் ஒரு நுண்விரிசலைத் தொடங்கி வைக்கிறது. அந்த விரிசலை மறுபக்கம் வரை ஓடவைப்பது கையின் அழுத்தம். கண்ணாடி இவ்வளவு எளிதில் உடைவதற்கு அதன் பரப்பிலுள்ள கண்ணுக்குத் தெரியாத கீறல்களே காரணம் என்று 1920-இல் பிரிட்டிஷ் பொறியாளர் ஏ. ஏ. கிரிஃபித் விளக்கினார். கீறலின் நுனியில் இழுவிசை குவிகிறது. அங்கிருந்துதான் விரிசல் கிளம்புகிறது. எந்தக் கீறல் முந்திக்கொள்ள வேண்டும் என்பதை நாம் முடிவு செய்தால் அது அறுப்பு. கண்ணாடியே முடிவு செய்தால் அது உடைப்பு. வைரம், சக்கரம், வெந்நீர், லேசர் எல்லாவற்றையும் இந்த ஒரு கணக்கில்தான் ஒப்பிட வேண்டும்.

நூல் முறையில் கீறலே இல்லை. நூலை 3, 4 சுற்று சுற்றினாலே அகலம் 5 மி.மீ. ஆகிவிடும். சுடர் மேல்நோக்கி எழுவதால் நூலுக்கு மேலே 2, 3 செ.மீ. உயரத்துக்குக் கண்ணாடி சூடாகிவிடுகிறது. நீரில் அமிழ்த்தியதும் அந்தப் பட்டை முழுவதிலும் இழுவிசை வருகிறது. அதற்குள் எங்கே பழைய சிராய்ப்பு இருக்கிறதோ அங்கே விரிசல் தொடங்கி, தன் இஷ்டத்துக்கு வளைந்து ஓடும். பாட்டில் அச்சில் ஊதிச் செய்யப்படுவது. அதன் சுவர் ஒரு பக்கம் 2 மி.மீ., எதிர்ப்பக்கம் 4 மி.மீ. என்றுகூட இருக்கலாம். தடித்த பக்கமும் மெல்லிய பக்கமும் ஒரே வேகத்தில் ஆறுவதில்லை. பத்தில் ஒன்று நேராக வந்தால் அதைத்தான் படமெடுத்துப் போடுகிறார்கள். இதைவிடப் பெரிய ஆபத்து அசிட்டோன். அதன் தீப்பற்றுநிலை சுழியத்துக்குக் கீழே ஏறத்தாழ 20 டிகிரி செல்சியஸ். அதாவது நம் ஊர் அறைகளில் மூடியைத் திறந்த கணத்திலேயே பற்றக்கூடிய ஆவி வெளியே வரும். நூலைப் பற்றவைக்கும்போது பக்கத்தில் திறந்த புட்டியோ நனைந்த கையோ இருந்தால் என்ன நடக்கும் என்பதை நாங்கள் விவரிக்க வேண்டியதில்லை.

பாட்டிலை முறையாகப் பிரிக்க நெருப்பே வேண்டாம். இரண்டு மரச்சட்டங்களை வி வடிவில் சேர்த்து, அந்தப் பள்ளத்தில் பாட்டிலைப் படுக்கவையுங்கள். அடிப்பாகம் ஒரு தடுப்பில் முட்டி நிற்க வேண்டும். கட்டரை ஒரே இடத்தில் அசையாமல் வைத்து, பாட்டிலை மட்டும் ஒரு முழுச்சுற்று உருட்ட வேண்டும். கோட்டின் தொடக்கமும் முடிவும் சரியாகச் சேர வேண்டும். சேர்ந்த பிறகு மேலும் ஓட்டக்கூடாது. ஒரே கோடு, ஒரே தடவை. எழுத்து புடைத்திருக்கும் இடம், கழுத்து வளையும் தோள்பகுதி, அச்சு சேரும் தடிப்பு ஆகியவற்றைத் தவிர்த்து நேரான உடம்பில் போடுங்கள். பிறகு கெண்டியிலிருந்து கொதிநீரை மெல்லிய தாரையாகக் கோட்டின் மேல் ஊற்றியபடி பாட்டிலை 15, 20 விநாடி சுற்ற வேண்டும். அடுத்து குழாய் நீர். ஐஸ் தண்ணீர் வேண்டாம். அதிர்ச்சி அதிகமானால் விரிசல் கோட்டை விட்டு விலகும். மூன்று நான்கு முறை இப்படி மாற்றி மாற்றிச் செய்தால் தானாகவே பிரிந்துவிடும். கையால் இழுத்துப் பிரிக்க முயல வேண்டாம். பாதி சுற்றில் விரிசல் நின்றால் நிற்கும் இடத்தில் மட்டும் வெந்நீரைக் காட்டுங்கள்.

பிரிந்த விளிம்பு கத்தியைவிடக் கூர்மையானது. தட்டையான ஒரு கண்ணாடித் துண்டின் மேல் சிலிக்கான் கார்பைடு நீர்த்தாளை (நீரில் நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) விரித்து, நீர் விட்டு, 120, 220, 400 என்ற எண் வரிசையில் தேயுங்கள். உள்விளிம்பையும் சாய்வாகத் தேய்க்க மறக்கக்கூடாது. பூச்சாடிக்கு இது போதும். குடிக்கும் தம்ளருக்குப் போதாது: தாள் தேய்த்த விளிம்பில் மிச்சமிருக்கும் நுண்சில்லு உதட்டில் ஏறும். ஆய்வுக்கூடங்களில் பயன்படும் போரோசிலிக்கேட் கண்ணாடிக்கு இந்த வெந்நீர் முறை சரிவராது. சாதாரண பாட்டில் கண்ணாடி விரிவதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் அது விரிகிறது. சூட்டைத் தாங்குவதற்காகவே செய்யப்பட்டது அது. தண்ணீருக்கடியில் கத்தரிக்கோலால் கண்ணாடி வெட்டும் காணொளிகளும் உலவுகின்றன. அதில் பொய் இல்லை. விரிசலின் நுனியில் நீர் சேரும்போது கண்ணாடி குறைந்த விசையிலேயே விட்டுக்கொடுக்கிறது. ஆனால் அப்படி நடப்பது ஓரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நொறுக்குவது. நேர்கோடு வரவே வராது.

இனி தட்டைக் கண்ணாடி. நடுக்கால ஐரோப்பாவில் தேவாலயங்களின் வண்ணக் கண்ணாடிகளைப் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் விரிசல் விட்டு, பிறகு இரும்புக் கொறடால் ஓரத்தைக் கொறித்து வடிவம் கொடுத்தார்கள். அதற்குப் பின் வந்தது வைரம். 1869-இல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தைச் சேர்ந்த சாமுவேல் மான்ஸ் எஃகுச் சக்கரம் பொருத்திய கட்டருக்குக் காப்புரிமை பெற்றார். இன்று கடைகளில் இருப்பது பெரும்பாலும் அந்தச் சக்கரத்தின் வழிவந்ததுதான். எஃகுக்குப் பதில் டங்ஸ்டன் கார்பைடு எனும் மிகக் கடினமான பொருள்.

வைர முனையா, சக்கரமா என்று கேட்டால், புதிதாகத் தொழில் பழகுபவருக்குத் தயங்காமல் சக்கரத்தைத்தான் சொல்வோம். வைரக்கல்லின் ஒரு குறிப்பிட்ட விளிம்பு மட்டுமே விரிசலைக் கிளப்பும். கைப்பிடியின் சாய்வு சற்று மாறினாலும் வைரம் கண்ணாடியைச் சுரண்டுமே தவிர விரிசலை உண்டாக்காது. வெள்ளைப் பொடி பறக்கும், கோடு பளிச்சென்று தெரியும், ஆனால் முறிக்கும்போது கண்ணாடி வேறு வழியில் போகும். பழகிய கையில் அதே வைரம் மெல்லிய கோடாக, ஏறத்தாழ சத்தமே இல்லாமல் ஓடும். 2 மி.மீ. படக் கண்ணாடியில் அதற்கு இணை இல்லை. ஆனால் ஒருவர் கைக்குப் பழகிய வைரத்தை இன்னொருவர் வாங்கிப் போட்டால் கோடு கெடும். சக்கரத்துக்கு அந்தப் பிடிவாதம் இல்லை. முன்பின் சாய்ந்தாலும் உருண்டு போகும். பக்கவாட்டில் மட்டும் நேராக நிற்க வேண்டும்.

சக்கரம் வாங்கும்போது பலரும் பார்க்கத் தவறுவது அதன் விளிம்பின் இரு சரிவுகளுக்கும் இடையிலுள்ள கோணம். 2 முதல் 4 மி.மீ. கண்ணாடிக்கு 120 முதல் 135 டிகிரி. 5 முதல் 10 மி.மீ. வரை 140, 145, 12 மி.மீ.யும் அதற்கு மேலும் என்றால் 150-க்கு மேல். கோணம் விரியும்போது சக்கரம் மழுங்கலாகிறது. கூடுதல் அழுத்தத்தைத் தாங்கி, மேல்பரப்பை நொறுக்காமல் விரிசலை ஆழமாக இறக்குகிறது. மெல்லிய கண்ணாடிக்கான கூர்ச்சக்கரத்தால் 10 மி.மீ. கண்ணாடியை அழுத்தினால் கோட்டின் இருபுறமும் சிப்பிச் சில்லுகள் தெறிக்கும். ஹார்டுவேர் கடைகளில் ஆறு சக்கரங்களைச் சுற்றி வைத்த மலிவுக் கட்டர் கிடைக்கிறது. அதன் எஃகுச் சக்கரங்கள் விரைவில் மழுங்குகின்றன. அச்சில் ஆட்டமும் உண்டு. ஒன்றிரண்டு ஜன்னலுக்குப் போதும். தொழிலுக்கு, கைப்பிடிக்குள் எண்ணெய் நிற்கும் கார்பைடு கட்டரே சரி.

எண்ணெய் வெறும் வழுக்கலுக்காக அல்ல. சக்கரத்தின் அச்சு சிக்காமல் சுழல்கிறது, நுண்சில்லுகள் பறக்காமல் ஒட்டிக்கொள்கின்றன, கோடு சட்டென்று வறண்டுவிடாமல் இருக்கிறது. மண்ணெண்ணெய், இல்லாவிட்டால் மெல்லிய மெஷின் எண்ணெய் எதுவும் போதும். சமையல் எண்ணெய் வேண்டாம்; பிசினாகி அச்சை இறுக்கிவிடும். சுழலாத சக்கரம் வெறும் ஆணிக்குச் சமம்.

கோடு போடும் முறையைச் சற்று விரிவாகவே சொல்கிறோம். தவறுகள் அதிகம் நடப்பது இங்கேதான். மேசை சமமாக இருக்க வேண்டும். மேலே கம்பளமோ பழைய தரைவிரிப்போ இருக்கட்டும், ஆனால் ஒவ்வொரு வெட்டுக்குப் பின்னும் அதைத் தூரிகையால் துடைக்க வேண்டும். அடியில் கிடக்கும் கடுகளவு சில்லு ஒன்று போதும், அழுத்தும்போது அங்கிருந்தே கண்ணாடி விண்டுவிடும். கண்ணாடியைத் துடைத்துக் காயவைத்த பிறகே கோடு. சக்கரத்துக்கும் கட்டரின் தலைவிளிம்புக்கும் 2 முதல் 3 மி.மீ. தூரம் உண்டு. அந்த அளவு மட்டச்சட்டத்தைத் தள்ளி வைக்காவிட்டால் துண்டு அளவு மாறி வரும். கட்டருக்குக் கட்டர் இது வேறுபடும் என்பதால் ஒரு வீண்துண்டில் கோடு போட்டு அளந்து வைத்துக்கொள்வது நல்லது. தூர ஓரத்திலிருந்து 2 மி.மீ. உள்ளே தொடங்கி, ஒரே வேகத்தில், ஒரே அழுத்தத்தில் இழுத்து, கிட்டத்து ஓரத்தை நெருங்கும்போது அழுத்தத்தைத் தளர்த்த வேண்டும். சக்கரம் ஓரத்திலிருந்து தடாலென்று விழுந்தால் அந்த மூலை சில்லு விடும்.

சரியான கோட்டைக் காது சொல்லிவிடும். சீராகப் பட்டுக் கிழிவதுபோல் ஒரு மெல்லிய ஒலி, இடையில் அறுபடாமல் வர வேண்டும். கரகரவென்றால் அழுத்தம் அதிகம். ஒலி விட்டுவிட்டு வந்தால் சக்கரத்தில் பல் விழுந்திருக்கிறது. கண்ணுக்கும் ஓர் அடையாளம் உண்டு. நல்ல கோடு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால்தான் மெல்லிய வெள்ளி இழையாகத் தெரியும். வெள்ளையாகத் தடித்து, சில நொடிகளில் சில்லுகள் தாமாகவே துள்ளினால் அது கெட்ட கோடு. அப்போது கை பரபரக்கும்: அதே கோட்டின் மேல் இன்னொரு தடவை இழுத்தால் என்ன என்று தோன்றும். இழுக்கவே கூடாது. முதல் விரிசலுக்குள் சக்கரம் இறங்கிப் பக்கவாட்டில் விரிசல்களைக் கிளப்பும். சக்கரத்தின் கூரும் போய்விடும். கண்ணாடியைத் திருப்பி மறுபக்கம் புதிதாகப் போடலாம். அல்லது 10 மி.மீ. தள்ளிப் போடலாம்.

கோடு போட்டதும் முறித்துவிட வேண்டும். நேரம் ஆக ஆக விரிசலின் உள்ளழுத்தம் தளர்ந்து, முறிப்பதற்குக் கூடுதல் விசை தேவைப்படும். காலையில் ஐம்பது கோடு போட்டு வைத்துவிட்டு மாலையில் முறிக்கும் வழக்கம் சேதாரத்துக்குத்தான் வழி. 3, 4 மி.மீ. என்றால் கோட்டை மேசை விளிம்பில் நிறுத்தி, வெளியே நீட்டியதைப் பிடித்துச் சற்று வெளிப்புறம் இழுத்தபடி கீழே அழுத்தினால் போதும். தடித்த கண்ணாடிக்குக் கோட்டின் அடியில் மெல்லிய மரப்பட்டி வைத்து இருபுறமும் ஒருசேர அழுத்த வேண்டும். குறுகிய பட்டையைக் கையால் முறிக்க வேண்டாம். அதற்கென்றே வாய் வளைந்த பிளையர் இருக்கிறது. கழிக்கும் பட்டையின் அகலம் கண்ணாடித் தடிமனைப்போல் இரண்டு மடங்காவது இருக்கட்டும், 6 மி.மீ. கண்ணாடியில் 12 மி.மீ.க்குக் குறைந்தால் விரிசல் பக்கவாட்டில் தப்பி ஓடும். அடியிலிருந்து கட்டரின் பிடியால் தட்டி முறிப்பது வளைந்த வெட்டுக்கும் பிடிவாதமான கோட்டுக்கும் மட்டும். தட்டிய இடமெல்லாம் விளிம்பில் சிப்பிப் பள்ளம் விழும்.

அந்தப் பள்ளம் அழகுக் குறை மட்டுமல்ல. மாதங்கள் கழித்து ஜன்னல் கண்ணாடி தானாகவே விரிசல் விட்டது என்று வரும் புகார்களில் விளிம்பைப் பார்த்தாலே பல நேரம் விடை தெரியும். வெயிலில் கண்ணாடியின் நடுப்பகுதி சூடாகி விரிகிறது. சட்டத்துக்குள் மறைந்த விளிம்பு குளிர்ந்தே இருக்கிறது. விளிம்பில் இழுவிசை ஏறி, சில்லு விழுந்த இடத்திலிருந்து விளிம்புக்குச் செங்குத்தாக விரிசல் கிளம்புகிறது. கறுப்பு ஃபிலிம் ஒட்டிய கண்ணாடியில் இது இன்னும் அதிகம். சுத்தமாக முறிந்த விளிம்பே வலுவானது. அதன் கூர்மையை மட்டும் நீர் விட்டுக் கார்பரண்டம் கல்லால் தட்டிவிட்டால் போதும். சட்டத்துக்குள் சுற்றிலும் 2, 3 மி.மீ. இடைவெளி விடாமல் இறுக்கி அடைத்தாலும் இதே கதிதான். மழைக்காலத்தில் மரச்சட்டம் ஊதிக் கண்ணாடியை நெரிக்கும்.

கண்ணாடியின் வகைக்கேற்ப முறை மாறும். முகம் பார்க்கும் கண்ணாடிக்குக் கோடு கண்ணாடிப் பக்கம்தான் போட வேண்டும். ரசம் பூசிய பக்கம் போட்டால் சக்கரம் பெயிண்டில் ஓடும், கண்ணாடியைத் தொடாது. பூ வேலை செய்த கண்ணாடிக்கு வழவழப்பான பக்கம். கம்பிவலைக் கண்ணாடியை முறித்த பின் மெல்ல முன்பின் வளைத்துக் கம்பியை அறுக்க வேண்டும். லேமினேட்டட் கண்ணாடியில் இரண்டு தகடுகளுக்கிடையே பி.வி.பி. எனும் பிளாஸ்டிக் படலம் உண்டு, 0.38, 0.76, 1.52 மி.மீ. அளவுகளில் வரும். இருபுறமும் நேருக்கு நேர் கோடு போட்டு, ஒன்றன்பின் ஒன்றாக முறித்து, வெப்பக்காற்றுத் துப்பாக்கியால் படலத்தை இளக்கி, சற்றுத் திறந்த இடைவெளியில் மெல்லிய பிளேடை ஓட்ட வேண்டும். இருபுறக் கோடும் 1 மி.மீ. விலகினாலும் விளிம்பு படியாக நிற்கும்.

டஃபண்ட் (சூடேற்றி வலுவூட்டிய) கண்ணாடியை மட்டும் எந்தக் கருவியாலும் அறுக்க முடியாது. 600 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சி, காற்றை வேகமாகப் பீய்ச்சி ஆற்றுவதால் அதன் வெளிப்பரப்பு அழுத்தத்திலும் உள்பகுதி இழுவிசையிலும் பூட்டிக் கிடக்கிறது. எந்த இடத்தில் பூட்டு உடைந்தாலும் பலகை முழுவதும் நொறுங்கும். ஆகவே அளவு, துளை, மூலை வெட்டு எல்லாம் சூளைக்குப் போகுமுன் முடிந்திருக்க வேண்டும். ஒரு மூலையில் பாதுகாப்புக் கண்ணாடிக்கான இந்தியத் தர எண்ணான ஐ.எஸ். 2553 முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். முத்திரை இல்லாவிட்டால், போலரைஸ்டு கறுப்புக் கண்ணாடி அணிந்து சாய்கோணத்தில் பார்த்தால் வரிசையாக மங்கல் புள்ளிகளோ பட்டைகளோ தெரியும். கட்டரை எடுப்பதற்கு முன் இதைச் செய்யாததால்தான் பழைய குளியலறைக் கதவையோ மேசைப் பலகையையோ சிறிதாக்கித் தரச் சொல்லும் வேலைகளில் விபத்து நடக்கிறது.

வேலையிடங்களில் பெருகிவரும் இன்னொரு பழக்கத்தையும் சொல்ல வேண்டும். ஏ.சி. குழாய்க்கோ எக்ஸாஸ்ட் ஃபேனுக்கோ, மாட்டிய ஜன்னல் கண்ணாடியிலேயே மார்பிள் கட்டரை உலர்வாக ஓட்டுகிறார்கள். சூடு ஓரிடத்தில் ஏறுகிறது, விளிம்பு முழுவதும் சில்லு விழுகிறது, கூர்மையான உள்மூலையில் இழுவிசை குவிகிறது. அன்றே உடையாவிட்டால் அடுத்த கோடையில் உடையும். தூசு பறந்து கண்ணுக்கும் மூச்சுக்குழாய்க்கும் போகிறது. கண்ணாடியைக் கழற்றி மேசையில் படுக்கவைத்துத்தான் வட்டம் வெட்ட வேண்டும். உறிஞ்சு கோப்பை உள்ள வட்டக் கட்டரால் ஒரே சுற்றாகக் கோடு போட்டு, பின்பக்கமிருந்து மெல்லத் தட்டி விரிசலை வட்டம் முழுவதும் ஓட்டிவிட வேண்டும். பிறகு 20 மி.மீ. உள்ளே இன்னொரு வட்டம், அதற்குள் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள். நடுவிலிருந்து சிறு துண்டுகளாக எடுத்துக்கொண்டே வெளிவட்டத்துக்கு வர வேண்டும். சதுரத் திறப்பு என்றால் மூலைகளில் முதலில் துளை போட்டு வளைவு கொடுத்த பிறகே கோடு.

துளைக்கு வைரத்தூள் பூசிய குழல் பிட் தேவை. மக்கு (கண்ணாடி பதிக்கும் பட்டி) கொண்டு சிறு அணை கட்டி உள்ளே நீர் நிறுத்தி, பிட்டைச் சாய்த்துத் தொடங்கி, பிறை போன்ற தடம் விழுந்ததும் நிமிர்த்த வேண்டும். டிரில்லில் சுவர் துளைக்கும் ஹேமர் பொத்தானை அணைத்துவிடுங்கள். பிட் பெரிதாக ஆக வேகம் குறையட்டும். பாதி ஆழத்தில் கண்ணாடியைத் திருப்பி மறுபக்கமிருந்து சந்தித்தால் அடிவிளிம்பு பெயராது. துளையின் விட்டம் கண்ணாடித் தடிமனைவிடக் குறையக்கூடாது. ஓரத்திலிருந்து தடிமனைப்போல் இரு மடங்கு தள்ளியாவது இருக்க வேண்டும்.

பெரிய இயந்திரங்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. தொழிற்சாலைகளில் கணினி இயக்கும் சி.என்.சி. மேசைகளும் இதே கார்பைடு சக்கரத்தைத்தான் ஓட்டுகின்றன. அழுத்தம் மாறாது என்பதே அவற்றின் பலம். 4,000 பார் அளவு அழுத்தத்தில் கார்னெட் மணல் கலந்த நீரைப் பீய்ச்சும் வாட்டர்ஜெட், உள்மூலைகளும் வளைவுகளும் நிறைந்த வடிவங்களுக்கு ஏற்றது. ஆனால் துளைக்கும் முதல் நொடியில் முழு அழுத்தத்தைத் திறந்தால் கண்ணாடி விண்டுவிடும். விளிம்பும் மங்கலாகத்தான் வரும். நேர்வெட்டுக்கு அதைப் பயன்படுத்துவது வீண்செலவு. செல்போன் திரை போன்ற மெல்லிய கண்ணாடிக்கு லேசர் முந்திக்கொண்டது. அங்கே சில்லே இல்லாத விளிம்பு தேவை.

ஆசிரியர் அவர்களிடம் எங்கள் வேண்டுகோள் இதுதான்: அடுத்த இணைப்பில் நூல் முறைக்கு மறுப்பு வெளியிட்டு, அதன் பக்கத்தில் கீறல், வெந்நீர் முறையைப் படத்துடன் போடுங்கள். கண்களுக்குப் பக்கமும் மூடிய பாதுகாப்புக் கண்ணாடி, வெட்டு தாங்கும் கையுறை, மூடிய செருப்பு இல்லாமல் யாரும் தொடக்கூடாது என்றும் சேர்த்து எழுதுங்கள். 8-க்கு 4 அடி, 6 மி.மீ. பலகை ஒன்று ஏறத்தாழ 45 கிலோ என்பதால் அதைத் தனியாளாகத் தூக்கக்கூடாது. பிள்ளைகள் செய்வதானால் கட்டரும் வெந்நீரும் பெரியவர் கையில்தான் இருக்க வேண்டும்.

மிஞ்சிய சில்லுகளைத் துடைப்பத்தால் கூட்டியபின் ஈரத்துணியால் ஒற்றி எடுத்து, பல மடிப்புச் செய்தித்தாளில் சுற்றி, அட்டைப்பெட்டியில் வைத்து ஒட்டி, மேலே பெரிதாகக் கண்ணாடி என்று எழுதித் தனியாகக் கொடுங்கள். குப்பைப் பையில் கலந்து கட்டினால் அதைப் பிரிக்கும் தூய்மைப் பணியாளரின் கை கிழியும்.

இப்படிக்கு,
கண்ணாடித் தொழில் செய்யும் நண்பர்கள்,
மதுரை.